நோகாமல் ஊசி போட முடியுமா?

உலகிலே பெருந்துன்பங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். சிறு துன்பங்களைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஊசி குத்தும் நோவு அத்தகைய சிறு துன்பங்களுள் ஒன்று. வளர்ந்தோராகிய எமக்கு அது எறும்புக் கடி. ஆனால், ஊசியைக் கண்டதும் தாயின் சேலைத் தலைப்புக்குள் முகம் புதைக்கும் குழந்தைக்கு அது எறும்புக் கடி அன்று. அந்நாள் முழுவதையும் இருளச் செய்யும் பேரச்சம்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் எமது பாடசாலையிலே தடுப்பூசி போடும் நாளொன்றில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தும் பொறுப்பு எமக்குக் கிடைத்தது. வரிசையின் நடுவே நின்ற சிறுவன் ஒருவன் எம்மை நோக்கி, "சேர், பல்லுப் பிடுங்கும்போது விறைக்க வைக்கிறார்கள்தானே? அந்த மருந்தைக் கையிலே பூசிவிட்டு ஊசி போட்டால் என்ன?" என்று கேட்டான். "பேசாமல் நில், தம்பி, இதெல்லாம் ஒரு நோவா?" என்று சொல்லி அவனை அடக்கிவிட்டோம். இரசாயனம் கற்பிக்கும் எமக்கு அக்கேள்விக்கு அன்று விடை தெரியாதிருந்தமையே அதட்டலின் உண்மைக் காரணம். பின்னர் நூல்களைப் புரட்டிப் பார்த்தபோது, அச்சிறுவனின் கேள்வி அறிஞர் பலரை நெடுங்காலம் வருத்திய கேள்வி என்பதை அறிந்தோம். அவனுக்கு அன்று சொல்லாத விடையை இன்று வாசகர்களுக்குச் சொல்ல முற்படுகின்றோம்.

தோல் என்னும் மதில்

பல்லு நோகும்போது கராம்பைக் கடித்துக்கொள்வது எமது வீடுகளில் வழக்கம். சற்று நேரத்தில் முரசு விறைத்து நோவு தணிகின்றது. அதே கராம்பை அரைத்துப் புறங்கையிலே பூசினால் கை விறைப்பதில்லை. மருந்து ஒன்றே, வாயிலே வேலை செய்வது கையிலே ஏன் செய்யவில்லை? வாயின் உட்புறத்தை மூடியுள்ள மென்சவ்வு ஈரமானது. மருந்தை எளிதில் உள்ளே விடும். புறத்தோலோ அவ்வாறன்று.

தோலின் ஆக மேலேயுள்ள படை இறந்த கலங்களால் ஆயது. பதினைந்து, இருபது அடுக்குகளாகத் தட்டையான கலங்கள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. அவற்றின் இடையே கொழுப்புப் பொருள்கள் நிறைந்துள்ளன. செங்கல்லை அடுக்கிச் சாந்து பூசிய மதில் போன்றது இவ்வமைப்பு. இத்தனை அடுக்குகளும் சேர்ந்த தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒன்று அல்லது இரண்டு பங்கு. வாசகர் கையிலே பிடித்திருக்கும் இப்பத்திரிகைத் தாளின் தடிப்பிலே நாலிலொரு பங்கு என்று கொள்ளலாம். இத்துணை மெல்லிய மதிலே உடம்பின் நீர் வெளியே வற்றிப் போகாமலும், வெளியேயுள்ள நஞ்சும் கிருமியும் உள்ளே புகாமலும் எம்மைக் காத்து வருகின்றது. நோவை அறியும் நரம்பு நுனிகள் இம்மதிலுக்குக் கீழே உள்ளன. நஞ்சைத் தடுக்கும் மதில் மருந்தையும் தடுக்கின்றது. காவற்காரனுக்கு நண்பனும் பகைவனும் ஒன்றே.

விறைப்பு மருந்துகள் வந்த வழி

ஓரிடத்தை மட்டும் விறைக்கச் செய்யும் மருந்தின் வரலாறு தென்னமெரிக்காவின் கொக்கா இலையிலிருந்து தொடங்குகின்றது. அவ்விலையின் சத்தாகிய கொக்கேயினை, 1884 ஆம் ஆண்டில் வியன்னா நகரத்து இளம் வைத்தியராகிய கார்ல் கொல்லர் கண்ணிலே இட்டு, கண் நோவறியாது போவதைக் கண்டார். அவ்வாண்டு செப்டெம்பர் 15 ஆம் திகதி செர்மனியின் ஐடல்பேர்க் நகரிலே கூடிய கண் வைத்தியர் மாநாட்டில் இச்செய்தி வெளியிடப்பட்டது. அங்கு செல்வதற்கு வேண்டிய பணம் கொல்லரிடம் இருக்கவில்லை. அவரது கட்டுரையை வேறொருவரே வாசித்தார். கண்ணின் மேற்பரப்பும் ஈரச்சவ்வேயாதலின் அங்கே மருந்து வேலை செய்தது என்பதை வாசகர் கவனிக்க.

கொக்கேயின் மனிதரை அடிமை கொள்ளும் தீய மருந்து. ஆகவே இரசாயன அறிஞர் அதற்கு மாற்றுத் தேடினர். செர்மானியராகிய அல்பிரட் ஐன்கோண் ஆக்கிய புரோகேயின் 1905 ஆம் ஆண்டில் வழக்குக்கு வந்தது. 1943 ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டிலே நீல்சு லொவ்கிரன், பெங்ற் லுண்ட்குவிஸ்ற் என்னும் இருவர் லிடோகேயினை ஆக்கினர். லுண்ட்குவிஸ்ற் அம்மருந்தைத் தம் உடம்பிலேயே ஏற்றிச் சோதித்துப் பார்த்தார். பல் வைத்தியரிடத்து நாம் இன்று பெறும் விறைப்பூசியிலே பெரும்பாலும் இருப்பது இந்த லிடோகேயினே. ஆயினும், அதையும் ஊசியாலேயே ஏற்ற வேண்டியிருந்தது. நோவைத் தவிர்ப்பதற்கு நோகக் குத்துவது என்ன விந்தை!

இம்மருந்துகள் நோவை நிறுத்தும் முறையைச் சிறிது நோக்குவோம். நரம்பின் சுவரிலே சோடியம் அயன்கள் புகும் நுண்ணிய வாயில்கள் உள்ளன. அவ்வாயில்கள் திறந்து மூடுவதாலேயே நோவென்னும் செய்தி நரம்பு வழியே மூளைக்கு ஓடுகின்றது. மருந்து அவ்வாயில்களை அடைத்துவிட்டால் செய்தி நின்றுவிடும். இம்மருந்துகளுக்கு இரு வடிவங்கள் உண்டு. மின்னேற்றம் பெற்ற வடிவம் நீரிலே நன்கு கரையும். ஊசி மருந்தாக அடைக்கப்படுவது இதுவே. மின்னேற்றமில்லாத வடிவம் கொழுப்பிலே கரையும். தோலின் மதிலிலுள்ள சாந்து கொழுப்பாதலால், அதனூடே செல்ல வல்லது இரண்டாவது வடிவம் மட்டுமே. ஆனால், அது சாதாரண வெப்பநிலையிலே திண்மமான பளிங்கு. பளிங்குத் தூளைத் தோலிலே தேய்த்தால் அது மேலேயே கிடக்கும். எண்ணெயிலே கரைத்துப் பூசினாலோ மருந்தின் செறிவு குறைந்துவிடும். இங்கேதான் ஆராய்ச்சி நெடுநாள் முட்டி நின்றது.

பற்றாசு கற்பித்த பாடம்

தகர வேலை செய்பவர் பற்றாசு வைப்பதை நாம் எல்லோரும் கண்டிருக்கின்றோம். ஈயம் உருகுவதற்கு 327 பாகை வெப்பம் வேண்டும். வெள்ளீயத்துக்கு 232 பாகை. இரண்டையும் தக்க அளவிலே கலந்தாலோ 183 பாகையிலேயே கலவை உருகிவிடுகின்றது. தனித்தனியே பிடிவாதமாய் நிற்கும் இருவர் கூடியவிடத்து இளகிவிடுவதை ஒத்தது இது. இத்தகையதை நல்லுருகற் கலவை என்பர்.

சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் இவ்வுண்மையை மருந்துக்குப் பயன்படுத்தினர். லிடோகேயின் உருகுவது ஏறத்தாழ 68 பாகையில். அதன் இனமாகிய பிரிலோகேயின் உருகுவது ஏறத்தாழ 37 பாகையில். இரு பளிங்குகளையும் சமமாகக் கலந்தபோது கலவையின் உருகுநிலை 18 பாகைக்கு இறங்கிற்று. எனவே அறை வெப்பத்திலேயே அது எண்ணெய் போன்ற திரவமாயிற்று. கரைப்பதற்கு வேறு எண்ணெய் வேண்டியதில்லை, மருந்தே எண்ணெய். அதனை நீரிலே சிறு துளிகளாகப் பிரித்துப் பால்மமாக்கினர். ஒரு கிராம் களிம்பிலே இரு மருந்தும் இருபத்தைந்து மில்லிகிராம் வீதமே உள்ளன. ஆயினும் ஒவ்வொரு துளியிலும் மருந்து மிகச் செறிந்திருப்பதால் அது தோலின் மதிலைக் கடந்து செல்கின்றது. 1980 களிலே வழக்குக்கு வந்த இக்களிம்பு எம்லா என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

அச்சிறுவன் கேட்ட மருந்து இதுவே. ஆனால், இதைப் பூசியவுடன் தோல் விறைத்துவிடாது. மேலே காற்றுப் புகாத ஒட்டுத்தாளால் மூடி, குறைந்தது ஒரு மணி நேரம் காத்திருத்தல் வேண்டும். இரண்டு மணி நேரம் சென்றாலும் விறைப்பு இரண்டு, மூன்று மில்லிமீற்றர் ஆழத்துக்கு மேல் பெரிதாகச் செல்வதில்லை. ஊசிமுனை தோலைத் துளைக்கும் நோவுக்கு அது போதும்.

களிம்பிலிருந்து படலத்துக்கு

களிம்புக்குச் சில குறைகள் உண்டு. ஒரு தாய் கடுகளவு பூசுவாள். மற்றொருத்தி புளியங்கொட்டையளவு பூசுவாள். வழுவழுப்பான களிம்பு இடம் விட்டு நகரும். குழந்தை அதைக் கண்ணிலோ வாயிலோ தேய்த்துக்கொள்ளும். மருந்தை ஒரு மெல்லிய படலத்திலே அடக்கி, அப்படலத்தையே தோலில் ஒட்டினால் இக்குறைகள் நீங்குமன்றோ? ஒரு சதுர சதமமீற்றரில் எவ்வளவு மருந்து உள்ளது என்பதைத் தயாரிப்பவர் முன்னரே வரையறுத்துவிடலாம். அதன்பின் கத்தரிக்கோலே தராசாகும். படலத்தின் பரப்பே மருந்தின் அளவாகும்.

மருந்தை ஒட்டுத்தாள் வழியாக உடம்புக்குள் செலுத்தும் எண்ணம் அதற்கு முன்னரே வெற்றி கண்டிருந்தது. 1979 ஆம் ஆண்டில், பிரயாணத்தில் உண்டாகும் தலைச்சுற்றுக்காகக் காதின் பின்னால் ஒட்டும் மருந்தொட்டு அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்றது. ஆனால், விறைப்பு மருந்து குருதியிலே கலக்க வேண்டியதன்று. ஒட்டிய இடத்திலேயே தங்கி வேலை செய்ய வேண்டியது. ஆகவே அதற்கான படலத்தைத் தனியே ஆராய வேண்டியதாயிற்று.

படலம் செய்யும் முறை யாழ்ப்பாணத்தவர்க்குப் புதியதன்று. பனங்களியைப் பாயிலே ஊற்றிப் பரவி, வெயிலிலே காயவைத்துப் பனாட்டு ஆக்குவதைப் போன்றதே அது. ஒட்டுந்தன்மையுள்ள பொருளொன்றை நீரிலே கூழாகக் கரைத்து, மருந்தைச் சேர்த்து, மட்டமான தட்டிலே மெல்லிதாக ஊற்றி உலர்த்துவர். பின்னர் வேண்டிய அளவுக்கு வெட்டுவர். உலர்ந்த படலம் வெடித்துப் போகாதிருக்கக் கிளிசரின் போன்ற பொருளைச் சேர்ப்பர்.

சொல்வதற்கு எளிதாயினும் செய்வதற்கு அரிது. நீர் வற்றும்போது மருந்து மீண்டும் பளிங்காகிப் பிரிந்துவிடலாம். பளிங்கானால் அது தோலினுள் செல்லாது. நீர் மிகுதியாயின் படலம் கூழாகி நழுவிவிடும். ஒட்டும் வலிமையிலும் இதே சங்கடம். வலிமை குறைந்தால் குழந்தை கையை அசைத்தவுடன் படலம் விழுந்துவிடும். வலிமை மிகுந்தால், உரிக்கும்போது உரோமத்தையும் மேற்றோலையும் சேர்த்து இழுத்துவிடும். நோவு தீர்க்க வந்தது நோவு தருமாயின் அதனால் ஆவதென்ன? குறைமாதத்திற் பிறந்த சிசுவின் தோலோ ஈரத்தாள் போலக் கிழிய வல்லது. ஆதலால் இத்துறையிலே உழைப்பவர் மருந்தைப் பற்றி ஆராயும் அளவுக்குப் பசையைப் பற்றியும் ஆராய்கின்றனர்.

படலத்திலிருந்து எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்திலே தோலைக் கடக்கின்றது என்பதை அறிய, பிரான்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 1975 ஆம் ஆண்டில் விளக்கிய கண்ணாடிக் கலமொன்றைப் பயன்படுத்துவர். மேலறைக்கும் கீழறைக்கும் இடையே தோல் துண்டொன்று பொருத்தப்பட்டிருக்கும். மேலே படலம், கீழே நீர். குறித்த நேரங்களிலே கீழறை நீரை எடுத்து மருந்தை அளந்து பார்ப்பர். அதன்பின்னரே மனிதரிடத்துச் சோதனை நிகழும்.

வட அயர்லாந்தின் பெல்பாஸ்ற் நகரத்து அரசி பல்கலைக்கழகத்திலே மக்கவெட்டி, வுல்வ்சன் என்னும் அறிஞர்கள் டெட்ராகேயின் என்னும் மருந்தைத் தேர்ந்தெடுத்தனர். இதனைத் தோலின் வெப்பத்திலே உருகித் துளிகளாகும் வண்ணம் அவர்கள் அமைத்தனர். முதலிலே வந்தது கூழ் மருந்து. பின்னர் ஒட்டுப் படலம் பற்றிய ஆய்வை 1993 ஆம் ஆண்டில் வெளியிட்டனர். டெட்ராகேயின் கூழ் முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடத்திலே விறைப்பைத் தரும். நாலு மணி நேரத்துக்கும் மேலாக விறைப்பு நிலைக்கும். எம்லா பூசிய இடம் பெரும்பாலும் வெளிறிப்போகும். டெட்ராகேயின் பூசிய இடம் சிவந்து குருதிநாளம் விரிந்து நிற்கும். குருதி எடுக்க நாளம் தேடும் தாதிக்கு அது ஓர் உதவி.

அதன்பின் பலவகை ஒட்டுகள் தோன்றின. 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே அங்கீகாரம் பெற்ற லிடோகேயின் ஒட்டு, பத்துச் சதமமீற்றர் அகலமும் பதினாலு சதமமீற்றர் நீளமும் கொண்டது. 700 மில்லிகிராம் மருந்தை உடையது. அக்கி நோய் மாறிய பின்னரும் மாதக்கணக்கில் எரிவு தீராத முதியோருக்கு அது பெரும் ஆறுதல். ஒட்டிய இடம் முற்றாக விறைப்பதில்லை. எரிவு மட்டும் தணிகின்றது. 2005 ஆம் ஆண்டில் அங்கீகரிக்கப்பட்ட மற்றோர் ஒட்டிலே இரும்புத் தூள் வைக்கப்பட்டிருந்தது. உறையைத் திறந்ததும் காற்றின் ஒட்சிசனோடு கூடி இரும்பு துருப்பிடிக்கும். அதனாலே பிறக்கும் இளஞ்சூடு மருந்தை விரைவிலே உள்ளே செலுத்தும். ஒரு மணி நேரக் காத்திருப்பு இருபது, முப்பது நிமிடமாகக் குறைந்தது. 2006 ஆம் ஆண்டில் அங்கீகாரம் பெற்ற வேறொன்று களிம்பாகப் பூசப்பட்டுத் தோலின் மேலேயே உலர்ந்து, மெல்லிய படலமாக உரித்தெடுக்கத் தக்கதாயிற்று. மூக்கும் கன்னமும் போன்ற மேடுபள்ளமான இடங்களுக்கு அது பொருத்தமானது.

எச்சரிக்கை

தோலிலே பூசுவதுதானே, இதனால் என்ன தீங்கு என்று எண்ணுவது தவறு. அமெரிக்காவிலே, கால் உரோமத்தை லேசர்க் கதிரால் அகற்றச் சென்ற இளம்பெண்கள் இருவர், மருந்தகத்திலே கடுஞ்செறிவாகக் கலந்து கொடுக்கப்பட்ட விறைப்புக் களிம்பைக் கால்களிலே பூசி, மேலே பிளாஸ்ரிக் தாளால் சுற்றிக்கொண்டனர். மருந்து அளவுக்கு மிஞ்சிக் குருதியிலே கலந்தது. வலிப்பு உண்டாகி, அறிவிழந்து, இருவரும் மாண்டனர். இதனை எடுத்துக்காட்டி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுச் சபை 2007 ஆம் ஆண்டில் பகிரங்க எச்சரிக்கை விடுத்தது. பரப்பு எவ்வளவோ மருந்தும் அவ்வளவு என்ற விதியை மறந்ததன் விளைவு இது.

வீட்டிலே இவ்வொட்டுகளைப் பயன்படுத்துவோர் மூன்று செய்திகளை நினைவிலே வைத்தல் நன்று. முதலாவது, மேலே கூறிய 700 மில்லிகிராம் ஒட்டிலே நூற்றுக்கு மூன்று பங்கு போன்ற சிறிதளவே உடம்பிலே சேரும். கழற்றிய பின்னரும் பெரும்பகுதி மருந்து அதிலேயே இருக்கும். குழந்தையோ நாய்க்குட்டியோ அதனைச் சப்பினால் ஆபத்து. மடித்து, எட்டாதவிடத்திலே போடுக. இரண்டாவது, புண்பட்ட தோலிலே ஒட்டலாகாது. மதில் இடிந்தவிடத்தே மருந்து வெள்ளமாகப் புகும். மூன்றாவது, பிரிலோகேயின் சேர்ந்த களிம்பு கைக்குழந்தைக்கு அளவு மீறினால், குருதியின் ஈமோகுளோபின் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடம்பு நீலம்பாரிக்கலாம். எனவே வைத்தியரின் சொற்படியே எதனையும் செய்க.

சிறு நோவு சிறியதா?

இத்துணை உழைப்பும் ஓர் ஊசிக்குத்துக்காகவா என்று சிலர் வினவக்கூடும். இதே வினாவைத்தான் வைத்திய உலகமும் நெடுங்காலம் வினவிற்று. பச்சிளங் குழந்தைக்கு நரம்பு முதிரவில்லை, ஆகவே நோவு இல்லை என்று பலர் நம்பினர். சிசுக்களுக்குப் போதிய நோவு மருந்தின்றியே சத்திரசிகிச்சைகூட நடந்தது. 1987 ஆம் ஆண்டில் ஆனந்த் என்னும் இந்திய வைத்தியரும் ஒக்ஸ்போட் நகரத்து அவர் துணைவர்களும் குறைமாதச் சிசுக்களை ஆராய்ந்தனர். வலுவான நோவு மருந்து பெற்ற சிசுக்கள் மற்றவற்றைவிடக் குறைந்த தாக்கத்தோடு சத்திரசிகிச்சையைத் தாங்கின என்பது தெளிவாயிற்று. அழத் தெரிந்த வாய்க்குச் சொல்லத் தெரியவில்லை என்பதற்காக நோவு இல்லையாகிவிடுமா?

1997 ஆம் ஆண்டில் கனடா நாட்டிலே அன்னா ராடியோவும் அவர் துணைவர்களும் வெளியிட்ட ஆய்வு இன்னும் சிந்திக்கத் தக்கது. பிறந்த சில நாளில் விருத்தசேதனம் செய்யப்பட்ட ஆண் குழந்தைகள், நாலு முதல் ஆறு மாதத்திலே தடுப்பூசி போடும்போது, அது செய்யப்படாத குழந்தைகளைவிட மிகுதியாக வருந்தின. சத்திரத்துக்கு முன் எம்லா பூசப்பெற்ற குழந்தைகளிடத்து அவ்வருத்தம் தணிந்து காணப்பட்டது. குழந்தை மறந்துவிடும் என்று நாம் சொல்லுகின்றோம். உடம்பு அவ்வளவு எளிதில் மறப்பதில்லைப் போலும்.

ஆகவே, அச்சிறுவனுக்கு நாம் இன்று சொல்லும் விடை இது: "தம்பி, நீ கேட்டது சரியான கேள்வி. அப்படியொரு மருந்து உண்டு. ஆனால் அது தோலின் மதிலைக் கடப்பதற்கு ஒரு மணி நேரம் எடுக்கும். மருந்துக்கும் பணம் வேண்டும். கண்மூடித் திறப்பதற்குள் முடியும் ஒரு தடுப்பூசிக்காக வரிசை முழுவதற்கும் அதைப் பூசுவது அரிது. ஆனால், வாரந்தோறும் மாதந்தோறும் ஊசி ஏற்க வேண்டிய நோயாளிப் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் வீணன்று."

அத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் இதனைப் பற்றித் தம் வைத்தியரிடம் தயங்காது கேட்பாராக. படலம் கிடையாத இடத்திலும் எம்மாலே செய்யக் கூடியது ஒன்று உண்டு. "நோகாது" என்று பொய் சொல்லாமல், "சற்று நோகும், நான் பக்கத்தில் நிற்கிறேன்" என்று சொல்லிக் கையைப் பிடித்துக்கொள்ளலாம். அன்று வரிசையிலே நின்ற அச்சிறுவனுக்கு நாம் அதையேனும் செய்திருக்கலாம்.